ஆடி தேய்த்து வானளந்தோர்

வானநூல் ஆய்வு அரசர்களின் அரவணைப்பிலோ அரசுகளின் பொருளுதவியிலோ மட்டுமே வளரத்தக்கது என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. அதற்குக் காரணமும் உண்டு. 1259-இல் மராகாவில் அறிஞர் நசீருத்தீன் தூசி தொடங்கிய வான்காட்சியகம், ஹுலாகு என்னும் மங்கோலிய மன்னனின் ஆதரவில் எழுந்தது. 1420களில் சமர்க்கந்து நகரில் பெரும் வான்காட்சியகம் கண்ட உலூக் பேக், தாமே ஆட்சியாளராகவும் விளங்கினார். நம் தமிழகத்தின் சவ்வாது மலைப்பகுதியில், காவலூரில் 1986-இல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கியும் அரசு நிறுவனத்தின் ஆக்கமே.

ஆயினும் வானநூல் வரலாற்றில் இன்னொரு மரபும் உண்டு. அம்மரபினர் எவரும் ஊதியம் பெற்று விண்மீனை ஆராயத் தொடங்கியவர் அல்லர். ஒருவர் இசைவாணர், ஒருவர் நிலக்கிழார், ஒருவர் துறவி, ஒருவர் சரக்குந்து ஓட்டுநர். கடையில் கிடைக்கும் கருவி தம் ஆவலுக்குப் போதாமையால், தாமே பெரிய தொலைநோக்கிகளைச் செய்துகொண்டவர்கள் இவர்கள். இவர்தம் முயற்சியையும், அம்முயற்சி நம் கல்விக்கூடங்களுக்கு உணர்த்தும் பாடத்தையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பெரிய ஆடி எதற்கு?

தொலைநோக்கி என்றவுடன் 'எத்தனை மடங்கு பெரிதாக்கும்?' என்று வினவுவதே வழக்கம். இவ்வினா முதன்மையானதன்று. 'எவ்வளவு ஒளியைத் திரட்டும்?' என்பதே கேட்கத்தக்க வினா. மழைநீரைச் சேர்க்க முற்றத்தில் பாத்திரம் வைப்போர், வாய் அகன்ற அண்டாவையே நாடுவர். தொலைநோக்கியும் ஒளிமழையைச் சேர்க்கும் கலமேயாகும்.

இருளில் நன்கு விரிந்த நம் கண்மணியின் விட்டம் ஏறத்தாழ 7 மில்லிமீட்டர். 15 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஆடி, அதனைப்போல் ஏறத்தாழ 460 மடங்கு ஒளியைத் திரட்டும். 24 அங்குல ஆடியோ 7,500 மடங்குக்கும் மேலாகத் திரட்டும். விட்டம் இருமடங்கானால் ஒளி நான்மடங்காகும். ஆனால் அதே வடிவ அளவில் கண்ணாடியின் எடை எண்மடங்காகும். ஒளி ஏறும் விரைவைவிடச் சுமை ஏறும் விரைவு மிகுதி. பெருந்தொலைநோக்கி செய்ய முனைந்தோர் அனைவரும் எதிர்கொண்ட இடர் இதுவே.

ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி, 964-ஆம் ஆண்டளவில் எழுதிய விண்மீன் நூலில், ஆந்திரமேதா விண்மீன் கூட்டத்தருகே சிறு முகில் ஒன்று உளதெனக் குறித்தார். கருவி ஏதுமின்றி வெறுங்கண்ணால் கண்ட காட்சி அது. அச்சிறு முகில் ஏறத்தாழ 25 லட்சம் ஒளியாண்டுத் தொலைவில் உள்ள மாபெரும் விண்மீன் திரள் என்பதை இன்று அறிவோம். ஒரு முகிலை முகிலென்று கண்டு நிறுத்திவிடாமல், அதனுள் இருப்பது யாதென அறியும் வேட்கையே பெரிய ஆடிகளை உருவாக்கியது.

ஆடியின் இலக்கணம்

வளைந்த ஆடி ஒளியை ஒருமுகப்படுத்தும் முறையைத் தெளிவுறக் கணித்தோருள், பஸ்ராவில் தோன்றிக் கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைத்தம் குறிப்பிடத்தக்கவர். 965-ஆம் ஆண்டளவில் பிறந்த இவர், ஒளியியல் பற்றிய பெருநூலுடன், எரிக்கும் ஆடிகளைப் பற்றித் தனி நூலும் யாத்தார். பரவளைய வடிவுடைய ஆடி, தன் அச்சுக்கு இணையாக வரும் கதிர்களையெல்லாம் ஒரே புள்ளியில் குவிக்கும் என்பதை அதில் நிறுவினார். ஒளியியல் நூல் இலத்தீனில் பெயர்க்கப்பட்டு ஐரோப்பிய அறிஞர்களால் நூற்றாண்டுகள் பலவாகப் பயிலப்பட்டது, 1572-இல் அச்சேறியது.

1668-இல் ஐசக் நியூட்டன் ஆடி கொண்ட தொலைநோக்கி ஒன்றைத் தம் கையாலேயே செய்தார். அதன் ஆடி ஓரங்குலத்தைச் சற்றே விஞ்சியது. இலக்கணம் தெளிவாயிருப்பினும், அதனை உலோகத்தில் வடிப்பது எத்துணை அரிது என்பதற்கு அச்சிற்றளவே சான்றாகும்.

இசைவாணர் இல்லம்

ஜெர்மனியின் ஹனோவர் நகரில் 1738-இல் பிறந்த வில்லியம் ஹெர்ஷல், இங்கிலாந்தின் பாத் நகரில் தேவாலயத்து ஆர்கன் வாசிப்பவராகவும் இசையாசிரியராகவும் வாழ்ந்தார். பகலெல்லாம் இசைப்பணி, இரவெல்லாம் வான்நோக்கு. நல்ல தொலைநோக்கியின் விலை அவர் வருவாய்க்கு எட்டவில்லை. எனவே 1773 முதல் தாமே ஆடி தேய்க்கத் தொடங்கினார்.

அக்காலத்து ஆடி கண்ணாடியால் ஆனதன்று. செம்பும் வெள்ளீயமும் கலந்த உலோகத்தால் ஆனது. அதனை உருக்கி, வார்த்து, தேய்த்து, மெருகேற்றுதல் வேண்டும். மெருகேற்றும்போது இடையே கையை எடுத்தால் வடிவம் கெடும் என்னும் கருத்தால், ஹெர்ஷல் ஒருமுறை 16 மணிநேரம் தொடர்ந்து தேய்த்ததுண்டு. அவ்வேளைகளில் தங்கை கரோலின் அவருக்கு உணவை ஊட்டினார். அயர்வு தோன்றாதிருக்கக் கதை நூல்களைப் படித்துக் காட்டினார். அந்நூல்களுள் அரபுநாட்டு ஆயிரத்தோர் இரவுகள் கதையும் ஒன்று என்பது நமக்குச் சுவை தரும் செய்தி. வார்ப்பச்சு செய்தற்குக் குதிரைச் சாணத்தை உரலில் இடித்துச் சலித்தவரும் இந்தக் கரோலினே.

13 மார்ச் 1781 அன்று, 6.2 அங்குல ஆடியுடைய தம் கைவினைத் தொலைநோக்கியில் ஹெர்ஷல் புதியதொரு பொருளைக் கண்டார். முதலில் அதனை வால்மீன் என்றே கருதினார். அதுவே யுரேனஸ் கோள். பண்டையோர் அறிந்த கோள்களுக்கு அப்பால் ஒரு கோளைக் கண்டவர், வான்காட்சியகத்து ஊழியர் அல்லர், இசையாசிரியர்.

அதே ஆண்டு ஆகஸ்டில், மூன்றடி ஆடி வார்க்கும் முயற்சியில் உலையிலிருந்து உருகிய உலோகம் கசிந்து கல்தரையிற் பாய்ந்தது. கற்கள் வெடித்துச் சிதறின. நின்றோர் உயிர் பிழைக்க ஓடினர். அத்தோல்வியோடு அவர் ஓய்ந்தாரல்லர். பின்னர் மன்னர் மூன்றாம் ஜார்ஜின் உதவியோடு, 48 அங்குல ஆடியும் 40 அடி நீளமும் உடைய பெருங்கருவியை 1789-இல் நிறைவு செய்தார். எனினும் அவர் மிகுதியும் கையாண்டது 20 அடி நீளமுள்ள சிறிய கருவியையே. அளவு பெரிதாயிருந்தால் மட்டும் போதாது, ஆளத்தக்கதாயும் இருத்தல் வேண்டும் என்பதே இதனால் பெறப்படும் உண்மை. கரோலினும் எட்டு வால்மீன்களைக் கண்டறிந்தார். 1828-இல் வானியற் கழகத்தின் தங்கப் பதக்கம் பெற்றார். கல்லூரிக்கு மகளிரை அனுப்பத் தயங்கும் இல்லங்கள் இவ்வரலாற்றை எண்ணிப் பார்த்தல் நன்று.

அயர்லாந்தின் பேராடி

ஹெர்ஷலின் சாதனையை விஞ்சியவர் அயர்லாந்தின் ராஸ் பிரபு வில்லியம் பார்சன்ஸ். இவரிடம் செல்வம் இருந்தது. ஆனால் ஆறடி ஆடியை வார்த்துக் கொடுக்கும் தொழிற்கூடம் எங்கும் இல்லை. எனவே பிர் கோட்டையில் தம் நிலத்திலேயே உலை அமைத்து, உள்ளூர்த் தொழிலாளரையே பழக்கி, தேய்க்கும் பொறியையும் தாமே வகுத்தார். உலைக்கு எரிபொருள் அவ்வூர்ச் சதுப்பு நிலத்துக் கரியே. 72 அங்குல விட்டமும் ஏறத்தாழ 3 டன் எடையும் உடைய ஆடி உருவாயிற்று. இரு கற்சுவர்களுக்கிடையே தொங்கவிடப்பட்ட அப்பெருங்குழாயை 1845-இல் வானோக்கித் திருப்பினார்.

அவ்வாண்டே மெஸ்ஸியர் 51 எனப்படும் ஒளிமுகிலில் சுருள் வடிவம் இருப்பதைக் கண்டு வரைந்தார். அதுவரை எவரும் காணாத வடிவம் அது. ஆனால் அதே 1845-இல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் நோயுற்று, பெரும்பஞ்சம் மூண்டது. பிரபு தொலைநோக்கியை விட்டுப் பஞ்ச நிவாரணத்தில் ஈடுபட்டார். வானம் காத்திருக்கும், பசித்த வயிறு காத்திராது. இவ்வரிசை முறையை அறிந்திருந்தமை அவர்தம் அறிவுக்குப் பெருமையே அன்றிக் குறையன்று. 1917 வரை அதனினும் பெரிய தொலைநோக்கி உலகில் எழவில்லை. 1990களில் அது புதுப்பிக்கப்பட்டது.

அம்மியும் குழவியும்

உலோக ஆடிக்குப் பெருங்குறை ஒன்றுண்டு. அது விரைவில் மங்கும். மங்கினால் மீண்டும் மெருகேற்ற வேண்டும். 1850களில் கண்ணாடியின் மேல் வெள்ளி பூசும் முறை வந்தது. பிரான்சு நாட்டு ஃபூக்கோ, கத்திமுனை ஒன்றைக் கொண்டே ஆடியின் வடிவப் பிழையைக் கண்டறியும் எளிய சோதனையையும் வகுத்தார். இவ்விரண்டும் சேர்ந்தே ஆடி தேய்த்தலை எளிய மனிதரின் கைக்கு எட்டச் செய்தன.

அம்முறையைச் சுருங்கக் கூறுவோம். அம்மி நாள்பட்ட பயனால் நடுவே குழிவதை நம் இல்லங்களில் கண்டிருக்கிறோம். ஆடி தேய்த்தலும் அத்தகையதே. இரு கண்ணாடி வட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, இடையே கார்போரண்டம் தூளும் நீரும் இட்டு, முன்னும் பின்னும் தேய்த்து, இடையிடையே வட்டைத் திருப்பி, தேய்ப்போரும் சுற்றி வருதல் வேண்டும். மேல்வட்டு குழியும்; கீழ்வட்டு புடைக்கும். எல்லாத் திசையிலும் ஒன்றோடொன்று பொருந்தக்கூடிய வளைவு கோள வளைவே ஆதலால், கணக்கறியாதவர் தேய்ப்பினும் கோள வடிவம் தானே அமையும். பின்னர்ப் படிப்படியாக நுண்ணிய தூள்களால் தேய்த்து, இறுதியில் கீல் பூசிய தளத்தில் சீரியம் ஆக்சைடு கொண்டு மெருகேற்றுவர். ஒரு தூளின் மணி அடுத்த கட்டத்தில் எஞ்சிவிட்டால் கண்ணாடியில் கீறல் விழும். ஆதலின் தூய்மை இங்கு இன்றியமையாதது.

அடுத்துக் கோளத்தைப் பரவளையமாக்குதல் வேண்டும். ஆறங்குலச் சிறிய ஆடியில் இவ்விரு வடிவங்களுக்கும் இடையேயுள்ள வேறுபாடு, மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு கூற்றினும் குறைவாக அமையக்கூடும். நல்ல ஆடியின் மேற்பரப்பில் எஞ்சத்தக்க பிழையோ தலைமயிரின் தடிப்பில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற அளவினது. கைவெப்பம் பட்டாலே கண்ணாடி அவ்வளவு புடைக்கும். எனவே சிறிது தேய்ப்பர்; ஆறவிடுவர்; ஃபூக்கோ சோதனை செய்வர்; மறுபடியும் தேய்ப்பர். அறிவும் கைத்திறனும் மட்டுமன்றிப் பொறுமையும் இத்தொழிலின் கருவியாகும். முடிவில் வெற்றிடக் கலத்தில் அலுமினியம் பூசினால் ஆடி நிறைவுறும்.

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டு ஊரில், ரஸ்ஸல் போர்ட்டர் 1920-இல் இக்கலையைப் பயிற்றத் தொடங்கினார். அது எந்திரத் தொழிற்சாலைகள் நிறைந்த ஊர். கற்க வந்தோருட் பெரும்பாலார் அங்குப் பணிபுரிந்தோர். 1925-இல் சயின்டிஃபிக் அமெரிக்கன் இதழ் இவர்களைப் பற்றி எழுதவே, நாடெங்கும் ஆடி தேய்ப்போர் பெருகினர். 1926-இல் தொடங்கிய ஸ்டெல்லஃபேன் கூடுகை இன்றும் கோடைதோறும் அக்குன்றின்மேல் நிகழ்கிறது. பின்னாளில் பலோமர் மலையின் 200 அங்குலத் தொலைநோக்கித் திட்டத்துக்கு அழைக்கப்பட்டவர்களுள் போர்ட்டரும் ஒருவர்.

துறவியின் பெட்டி

ஆடி கைக்கு எட்டியபின்னும், அதனைத் தாங்கும் அமைப்பு எட்டவில்லை. விண்மீனைத் தொடர்ந்து திரும்பும் கனத்த இரும்புத் தாங்கிகள் வேண்டியிருந்தன. எனவே பெரும்பாலோர் ஆறு அல்லது எட்டங்குல அளவிலேயே நின்றுவிட்டனர். இத்தடையை அகற்றியவர் ஜான் டாப்சன்.

1915-இல் பீக்கிங் நகரில் பிறந்து, சான் பிரான்சிஸ்கோவில் வளர்ந்து, வேதியியலில் பட்டம் பெற்ற டாப்சன், 1944-இல் அந்நகரில் இராமகிருஷ்ணர் வழி வேதாந்தத் துறவியர் மடத்திற் சேர்ந்தார். நம் நாட்டுச் சமயநெறி ஒன்று அவரைத் தொலைநோக்கிக்கு இட்டுச் சென்றது வியப்பன்று. படைப்பை அறியாமல் அதனைப் பற்றிப் பேசுதல் எங்ஙனம் என்பதே அவர் கேள்வி. துறவியாதலின் கையிற் காசில்லை. கப்பற் சாளரத்துப் பழங்கண்ணாடிகளைத் தேடிப் பெற்றார். தேய்க்கும் ஓசை பிறர்க்குக் கேளாதிருக்க நீருக்கடியில் வைத்துத் தேய்த்தார். இரவில் தொலைநோக்கியைத் தெருவுக்குத் தள்ளிச் சென்று, அக்கம்பக்கத்தார்க்கு நிலவையும் சனிக்கோளையும் காட்டினார். மடத்துக்கு வெளியே அவர் கழித்த இப்பொழுதுகள் ஒழுங்குக்கு மாறாகக் கருதப்பட்டன. 1967-இல் மடத்திலிருந்து வெளியேற்றப்பட்டார்.

இருபதாண்டுக்கு மேல் வாழ்ந்த இடத்தை இழந்தவர், அடுத்த ஆண்டே இளைஞர் சிலருடன் சேர்ந்து நடைபாதை வானியலார் என்னும் அமைப்பைத் தொடங்கினார். அவர் வகுத்த தாங்கி, மரப்பெட்டியேயன்றி வேறில்லை. ஒட்டுப்பலகைப் பெட்டி, கட்டடத் தூண் வார்க்கும் அட்டைக் குழாய், திரும்பும் இடத்தில் டெஃப்ளான் துண்டுகள். இடம் வலமாகவும் மேல் கீழாகவும் விரலால் தள்ளினாலே அது நகரும், விட்டவிடத்தில் நிற்கும். தடித்த கண்ணாடியே வேண்டும் என்னும் மரபையும் மீறி, மெல்லிய கண்ணாடியைப் பின்புறத்தில் பரவலாகத் தாங்கவிட்டுப் பயன்படுத்தினார். இதனால் 24 அங்குலக் கருவிகூடத் தெருவோரத்தில் நிற்க இயன்றது. தம் அமைப்புக்கு அவர் காப்புரிமை கோரவில்லை. ஒரு தொலைநோக்கியின் பெருமை, அதன்வழி எத்தனை பேர் வானைக் கண்டனர் என்பதைப் பொறுத்தது என்பது அவர் கொள்கை. 2014-இல் 98-ஆம் அகவையில் அவர் மறைந்தார். இன்று உலகெங்கும் ஆர்வலர் கையாளும் பெருந்தொலைநோக்கிகள் டாப்சோனியன் என்றே வழங்கப்படுகின்றன.

பிரபுவும் ஓட்டுநரும்

டாப்சன் காட்டிய வழியைப் பின்வந்தோர் மேலும் செப்பம் செய்தனர். குழாய்க்கு மாற்றாகக் கழற்றி மாட்டும் கம்பிச் சட்டங்கள் வந்தன. ஊர் விளக்கொளி இல்லாத பாலைக்கும் மலைக்கும் பெருங்கருவிகளை வண்டியிலேற்றிச் செல்லலாயினர்.

2013-இல் அமெரிக்காவின் உட்டா மாநிலத்தில், சரக்குந்து ஓட்டுநர் ஒருவர் 70 அங்குல ஆடி கொண்ட தொலைநோக்கியை நிறுவினார். உளவுச் செயற்கைக்கோளுக்கெனச் செய்யப்பட்டு, விளிம்பு உடைந்தமையால் ஒதுக்கப்பட்டு, ஏலத்துக்கு வந்த ஆடி அது. அதனைத் தாங்கும் 35 அடி உயரச் சட்டகத்தைத் தம் முயற்சியால் அமைத்தார். பேரரசின் பிரபு 1845-இல் 72 அங்குல ஆடி கொண்டு கண்ட வானை, 168 ஆண்டுகளுக்குப் பின் ஒரு தொழிலாளி ஏறத்தாழ அதே அளவு ஆடியாற் கண்டார். பழைய உலோகத்தைவிடக் கண்ணாடியின் மேலிட்ட பூச்சு மிகுதியான ஒளியைத் திருப்புவதால், ஓட்டுநரின் காட்சி பிரபுவினதை விட ஒளி மிக்கது எனலும் தகும்.

'விண்ணிலேயே தொலைநோக்கிகள் உலவும் இக்காலத்தில் இவற்றால் ஆவதென்ன?' என்று வினவலாம். ஆஸ்திரேலியாவில் ராபர்ட் எவான்ஸ் என்னும் கிறித்தவப் போதகர், தம் வீட்டுத் தொலைநோக்கிகளால், கண்ணால் நோக்கியே 40-க்கும் மேற்பட்ட மீவொளிர் விண்மீன்களைக் கண்டறிந்தார். விண்மீன் திரள்களின் தோற்றத்தை மனத்தில் பதித்துவைத்து, புதிய புள்ளி ஒன்று தோன்றினால் அக்கணமே உணர்ந்தார். இத்தகைய பயன் ஒருபுறமிருக்க, படத்தைக் காண்பதும் பொருளைக் காண்பதும் ஒன்றாகா. மெஸ்ஸியர் 51-இலிருந்து இரண்டு கோடி ஆண்டுகளுக்கும் முன்னர்ப் புறப்பட்ட ஒளி, நம் கையால் தேய்த்த ஆடியிற்பட்டு நம் கண்ணுள் வந்து முடிகிறது என்னும் உணர்வை எந்தப் படமும் தாராது.

நம் கடன்

வானங்களின் படைப்பைச் சிந்திக்குமாறு திருக்குர்ஆன் பலவிடங்களில் அழைப்பதை நாம் அறிவோம். ரமலான் பிறை காணும் மாலையில் நம் ஊர்களில் சிறுவரும் முதியோரும் மாடியேறி மேற்கு வானைத் துழாவுகின்றனர். கருவி கொண்டு பிறை காண்பது பற்றிய சட்டநுட்பம் உலமாக்கள் ஆய்ந்து உரைக்கத்தக்கது. அதனுள் நாம் புகவில்லை. நாம் சொல்ல வருவது இதுவே: ஆண்டில் சில மாலைகள் மட்டும் வானை நோக்கும் சமுதாயம், ஏனைய இரவுகளிலும் நோக்கப் பழகுதல் வேண்டும். அல்தபரான், அல்தாயிர், வேகா எனப் பல விண்மீன்கள் இன்றும் அரபு மூலத்துப் பெயரைச் சுமந்து நிற்கின்றன. பெயர் சூட்டியோர் வழிவந்தோம் என்று பெருமை பேசுவதோடு நம் தொடர்பு முடிந்துவிடலாகாது.

குழியாடியின் வாய்பாட்டை எழுதி முழு மதிப்பெண் பெறும் நம் மாணவருள் எத்தனை பேர் ஓர் ஆடியைக் கையால் தொட்டிருப்பர்? கைத்தொழிலை ஒருபுறமும் கல்வியை ஒருபுறமும் பிரித்துவைத்ததன் விளைவு இது. பொற்கொல்லரும் தச்சரும் எந்திரப் பட்டறையாளரும் நம் ஊர்களில் இருக்கின்றனர். கல்லூரியில் இயற்பியல் துறையும் இருக்கின்றது. இவர்களை ஒருங்கே அமர்த்தினால் ஆறங்குல ஆடி ஒன்றைச் சில வாரங்களில் தேய்த்துவிடலாம். புனேயில் உள்ள பல்கலைக்கழகங்களுக்கிடையேயான வானியல் மையம் இத்தகைய பயிற்சிமுகாம்களை நடத்தியதுண்டு. பெரிய ஆடி பின்னர் வரும். எல்லாப் பெரிய ஆடியும் சிறிய ஆடியொன்றிலிருந்தே தொடங்கிற்று. ஒரே எச்சரிக்கை: தக்க வடிகட்டியின்றித் தொலைநோக்கியாற் கதிரவனை நோக்குதல் கூடாது, கண் ஒரு நொடியிற் கெடும்.

தமிழ்த்துறைக்கும் இதிற் பங்குண்டு. கணியன் என்று வானங்கணித்தோர்க்குப் பெயர் தந்த மொழி நம்முடையது. செய்முறையைத் தெளிந்த தமிழில் எழுதித் தருவோமானால், பட்டறையில் உள்ளவரும் அதனைப் படித்துச் செய்வர். புரவலர்கள் பொருளால் உதவலாம். மாணவர் கையால் உழைக்கலாம். அவ்வாறு எழும் தொலைநோக்கியை ஆய்வகத்துள் பூட்டிவையாமல், டாப்சன் செய்தாற்போல் தெருவுக்குக் கொணர்ந்து, வழிச்செல்வோர் ஒவ்வொருவர்க்கும் வானைக் காட்டுவோமாக.